சீட்டுக்கடியில ரெண்டு வயரு

உங்க ஸ்டேஷன் முற்றத்தில நிக்குத ஜீப்புக்கு வலது பக்க ஹெட்லைட் எரியல்ல, கவனிச்சியளா சார். நான் உள்ள வரும்போ டிரைவர் புதுப் பல்பு மாட்டிக்கிட்டு நின்னாரு. அதும் எரியாது. பல்பில ஒண்ணும் இல்ல. பின்னால உள்ள கனெக்டரைக் கழட்டிப் பாத்தா உள்ள பச்சையாப் பூத்துப் போயிருக்கும். பத்து நிமிஷ வேலை. போகும்போ நானே பாத்துத் தாறேன். போகும்போன்னு சொல்லப்பிடாது, இன்னைக்கு நான் போற மாதிரி இல்ல. டிரைவர்கிட்டச் சொல்லிக் குடுத்திருதேன்.

எனக்க பேரு ரசலையன். வயசு அம்பத்திமூணு. புதுக்கடையில இருந்து கடலுக்குப் போற ரோட்டில, எங்க கோயிலுக்கு எதிர்த்தாப்பில கடை வச்சிருக்கேன். கோயிலுன்னா நாங்க சர்ச்சைத்தான் சொல்லுவோம். புல்லு வெட்டுத மிஷின், காடு வெட்டுத மிஷின், மருந்தடிக்குத பம்பு, இதெல்லாம் ரிப்பேர் பாப்பேன். அதுக்கு முந்தி பதினெட்டு வருஷம் ஷார்ஜாவில இதே வேலைதான். கோயில்ல தோட்ட வேலை பாக்குத ஸ்மைலினுக்கு வலது கை போச்சில்லியா, அந்த விஷயமாத்தான் வந்திருக்கேன். என்னை யாரும் கூட்டிக்கிட்டு வரல்ல, நானா வந்தேன். நீங்க அத விபத்துன்னு எழுதியிருக்கிய. அது விபத்து இல்ல. நான் பண்ணினது.

முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் பிடிபடும். சார் தூத்துக்குடிப் பக்கமுன்னு கேள்விப்பட்டேன். அப்போ கிளாவுன்னா தெரியாது. செம்புக் குடம், வெண்கல விளக்கு எல்லாம் நாள்பட்டா பச்சை படியுமில்லியா, நீங்க களிம்புன்னு சொல்லுவிய, அதான். வயரும் செம்புதானே. எங்க பக்கம் உப்புக் காத்து. சும்மா கெடந்தாலே கிளாவு பிடிக்கும். இதில நம்ம ஆளுகளுக்கு மிஷினை வெள்ளம் ஊத்திக் கழுவாட்டா உறக்கம் வராது. கழுவிட்டு நனைஞ்சபடியே கொண்டு ஷெட்டில தள்ளுவான். ஒரு மாசம் கழிச்சு ஸ்டார்ட் ஆகல்லன்னா கார்புரேட்டர் போச்சும்பான். பெட்ரோல்ல கலப்படம்பான். பக்கத்து வீட்டுக்காரன் கண்ணு வச்சிட்டாம்பான். கனெக்டருன்னு ஒருத்தன் வாயில வராது. சொன்னா நம்பவும் மாட்டான். இவ்வளவு பெரிய மிஷினு இந்தத் துண்டுக்கா நிக்குதுன்னு என்னைக் கள்ளனைப் பாக்குத மாதிரி பாப்பான்.

அதுக்கு ஒரு முறை இருக்கு சார். கழட்டணும். பிரஷ் போட்டுத் தேய்க்கணும். கிளீனர் அடிச்சுக் காய விடணும். உள்ள கறுத்துப் போன வயரை நல்ல செம்பு தெரியுத வரைக்கும் வெட்டித் தள்ளிட்டு புதுப் பின் வச்சு நெரிக்கணும். கிரீஸ் வச்சு மூடணும். இதில ஒண்ணை விட்டாலும் திரும்ப வரும். நான் ஒண்ணையும் விட்டதில்ல. அதை எழுதிக்கிடுங்க.

நாலு வருஷத்துக்கு முந்தி பஹ்ரைன்ல இருக்குத சபைக்காரங்க சேந்து கோயிலுக்கு ஒரு மிஷின் வாங்கிக் குடுத்தாங்க. மேல ஏறி உக்காந்து ஓட்டுதது. ஸ்டியரிங்கு, சீட்டு, அடிவயித்தில பிளேடு. கோயிலைச் சுத்தி புல்லு, பின்னால கல்லறைத் தோட்டம், எல்லாத்துக்கும் அது ஒண்ணு. நல்ல மிஷின். அந்த சீட்டுக்கடியில ஒரு சுவிட்ச் உண்டு. ஆளு உக்காந்திருந்தா எஞ்சின் ஓடும். ஆளு எறங்கினா அந்தச் சொடக்கில நின்னுரும், பிளேடும் நின்னுரும். மனுஷன் கையும் காலும் தப்பட்டும்னு கம்பெனிக்காரன் யோசிச்சு வச்சது. அந்தச் சுவிட்சுக்கு ரெண்டு வயரு போகும். நடுவில ஒரு கனெக்டர், நம்ம கட்டைவிரல் அளவு. அந்தக் கட்டைவிரலாலதான் எல்லாம் வந்துது.

அந்த மிஷினை ஓட்டுதது கமிட்டி செயலாளர் ஏசுஅடிமை சார். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். ஏழாங்கிளாஸ்ல எனக்கு சயின்ஸ் எடுத்தவரு. சம்பளத்துக்கு ஆள் வச்சு ஓட்டலாம், விடமாட்டாரு. தொப்பி வச்சிக்கிட்டு அவரே ஓட்டுவாரு. ஆளு குட்டை. கல்லறைப் பக்கம் ஓட்டும்போ சிலுவையில இடிச்சிருமோன்னு சீட்டில இருந்து அரையா எழும்பி எட்டிப் பாப்பாரு. எழும்பினா சுவிட்ச் விடும், மிஷின் நிக்கும். நிக்கத்தானே செய்யும். அவரு என்ன சொல்லுவாரு, கனெக்டர்ல கிளாவு பிடிச்சிட்டுதுன்னு சொல்லுவாரு.

நான் பக்குவமா எடுத்துச் சொன்னேன். "சார், நீங்க சீட்டவிட்டு எழும்புதிய. அதான் நிக்குது."

"ஏலே ரசலையா, உனக்குக் கரண்டு சொல்லித் தந்தவனே நான். எனக்கு நீ பாடம் எடுக்கியா?"

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. அவருக்கு அருமனைப் பக்கம் ரப்பர் உண்டு. ரப்பர் பால் உறையதுக்கு ஒரு ஆசிட் ஊத்துவோம், ரப்பர் உள்ள வீட்டில எல்லாம் கேன்ல இருக்கும். இவரு அதைக் கொண்டு வந்து கனெக்டர்ல தொட்டுத் தேய்ப்பாரு. பாக்கப் பளபளன்னு இருக்கும், புது மோதிரம் மாதிரி. அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனா அந்த ஆசிட் வயருக்குள்ள ஏறிப் போகும் சார். பத்து நாள்ல உள்ள இருந்து அரிச்சுத் தின்னிரும். அப்போ உண்மையிலேயே கிளாவு பிடிக்கும். உண்மையிலேயே மிஷின் நிக்கும். இல்லாத நோய்க்கு மருந்து போட்டு நோயை உண்டாக்குதாரு. பிறகு என்னைக் கூப்பிட்டு, நீ போன தடவை பாத்தது சரியில்லேம்பாரு. கனெக்டரைக் கழட்டி மூக்குக்கிட்டக் கொண்டு போனா ஆசிட் நாத்தம் சுருக்குன்னு ஏறும். சார் ஆசிட் போட்டியளான்னு கேட்டா, இல்லியே, லேசாத் தொடச்சேன்னு சொல்லுவாரு. வாற எரிச்சல்ல மிஷினைத் தூக்கிக் கிணத்தில போடலாம்னு தோணும்.

ஏழு தடவை சார். ஏழு தடவையும் முறைப்படி வெட்டி, புதுசு வச்சு, கிரீஸ் போட்டு மூடிக் குடுத்தேன். நாலாந் தடவை ஒரு காயிதத்தில 'ஆசிட் ஊற்றகூடாது'ன்னு எழுதி சீட்டுக்கடியில ஒட்டியும் விட்டேன். அஞ்சாந் தடவை சீட்டைத் தூக்கிப் பாத்தேன். காயிதம் அப்படியே இருந்துது. நான் எழுதினதில ஒரு 'க்' விட்டுப் போயிருக்கு. அவரு சிவப்பு மையில அந்த 'க்'கைச் சேத்துப் போட்டு வட்டமும் போட்டிருந்தாரு. கனெக்டரில ஆசிட்டும் போட்டிருந்தாரு. நீங்களே சொல்லுங்க, இந்த மனுஷனை என்ன செய்ய?

போன பங்குனியில ஆராதனை முடிஞ்ச பிறகு சபைக் கூட்டம். பராமரிப்பு விஷயம் வந்ததும் ஏசுஅடிமை சார் எழும்பி சட்டைப் பையில இருந்து ஒரு பழைய கனெக்டரை எடுத்தாரு. நான் வெட்டிப் போட்டது. அதை ரெண்டு விரல்ல தூக்கிப் பிடிச்சு எல்லாருக்கும் காட்டினாரு. "பதினெட்டு வருஷம் ஷார்ஜாவில படிச்ச படிப்பு இதுதான். ரசலையன் கை வச்சா எட்டாம் நாள் கிளாவு." சபை முழுக்கச் சிரிச்சுது. பொம்பளையாளுக பக்கம் எனக்க வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சா. வெக்கத்தில குனிஞ்சாளோன்னு பாத்தேன். தோளு குலுங்குது. அவளும் சிரிக்கா.

எனக்கு அன்னைக்கு வந்த கோவமும் வெப்ராளமும் இன்னும் அடங்கல்ல. நான் சத்தம் போடல்ல. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னேன். சத்தம் போடுத வழக்கம் எனக்குக் கெடையாது, ஊர்ல யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

எட்டாந் தடவை கூப்பிட்டாரு. போனேன். சீட்டைத் தூக்கினேன். அந்தக் கனெக்டரை வெட்டி எறிஞ்சிட்டு, வயரு ரெண்டையும் ஒண்ணாச் சேத்து ஈயம் வச்சுப் பத்த வச்சு, மேல உறை மாட்டி, சூடு காட்டி இறுக்கினேன். அதோட சீட்டு சுவிட்சுக்கு வேலை இல்லாமப் போச்சு. ஆளு இருந்தாலும் இல்லாட்டாலும் மிஷினுக்கு ஆள் இருக்குத மாதிரிதான். பிறகு புதுக் கனெக்டர் ஒண்ணை எடுத்து பக்கத்தில சும்மா கட்டி வச்சேன். அதுக்கு ஒரு வேலையும் கெடையாது, காட்சிக்கு. அவரு ஆசையாசையா ஆசிட் தேய்க்கட்டும்னு வச்சது. அந்த வேலையை நான் ரொம்ப சுத்தமாச் செஞ்சேன்.

இனி இந்தப் புகார் வரப்பிடாது, அவ்வளவுதான்னு அப்போ எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எழும்பி எட்டிப் பாத்தாலும் நிக்காது, அவரு வாயை மூடுவாருன்னு. இங்க வந்து உக்காந்த பிறகு அதை மட்டும் சொல்லி நிறுத்தினா சரியா இருக்காது. கோயில் வளாகத்தில பன்னெண்டு தெங்கு நிக்குது. ஓலை விழும். காஞ்ச ஓலையும் பாளைக் கொதும்பும் பிளேடுக்குள்ள போய் அடைக்கும். அடைச்சா அவரு எறங்குவாரு. சாவியைத் தொடமாட்டாரு, சீட்டவிட்டு எறங்கினா தானா நின்னுருமில்லியா. பழக்கம். எறங்கின கையோட குனிஞ்சு புல்லு வெளிய வாற ஓட்டைக்குள்ள கையை விட்டு ஓலையை உருவுவாரு. எனக்க கடையில இருந்து பாத்தா தெரியும். நூறு தடவை பாத்திருக்கேன். பத்த வைக்கும்போ அது எனக்க ஞாபகத்தில இருந்துது. ஒரு விரல் போகும்னு நெனச்சேன். மிஞ்சினா ரெண்டு. பிறகு எந்த விரலால கனெக்டரைத் தூக்கிக் காட்டுவாருன்னு பாப்போம்னு நெனச்சேன்.

ஆனா பாருங்க, மிஷினைக் குடுத்த அடுத்த வாரம் அவருக்குக் கண்ணில ஆபரேஷன். நாகர்கோவில்ல மகள் வீட்டுக்குப் போயிட்டாரு. போகும்போ மிஷினை ஸ்மைலின் பொறுப்பில ஏப்பிச்சிட்டுப் போனாரு. அவளுக்கு முப்பது வயசுகூட ஆகல்ல. மாப்பிள கத்தார்ல. கோயிலைத் தூத்து வாருவா, செடிக்கு வெள்ளம் விடுவா, சனிக்கிழமை சாயங்காலம் மறுநாள் ஆராதனைக்குள்ள பாட்டு நம்பர் பலகையில நம்பர்க் கட்டையை எடுத்து மாட்டுவா. போன ஞாயித்துக்கிழமை அந்தப் பலகை காலியாக் கெடந்துது. அவளுக்கு மிஷின் ஓட்டச் சொல்லிக் குடுத்ததும் ஏசுஅடிமை சார்தான். "சாவியைத் தொடாண்டாம் மோளே, எறங்கினா அதுவா நின்னுரும்." இதை எனக்க காதால கேட்டேன். கடை வாசல்ல நின்னு கேட்டேன்.

முதல் நாள் அவ சீட்டில ஏறி உக்காந்ததைப் பாத்ததும் உடனே போய்ச் சொல்லிரணும்னு எழும்பினேன். கடையில ஆளு நின்னுது. ரெண்டாம் நாள் மழை, அவ மிஷினை எடுக்கல்ல. மூணாம் நாள் போனேன். அதுக்குப் பிறகு வாறேன். நாலாம் நாள் நடந்ததை முதல்ல சொல்லிருதேன், நீங்க எழுதுததுக்கு அதுதானே வேணும்.

காலையில பத்தேகால். நான் ஒரு காடு வெட்டுத மிஷினைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் அங்கயும் இங்கயுமாப் போய்க்கிட்டு இருந்துது. திடீர்னு சத்தம் கனத்துப் போச்சு. ஓலை அடைச்சா அப்படித்தான் கனக்கும். பிறகு சத்தம் ஒரே எடத்தில நின்னுது, நகரல்ல. அவ எறங்கிட்டான்னு எனக்குத் தெரிஞ்சுது. ரோட்டைத் தாண்ட பதினஞ்சு எட்டு. அதும் வேண்டாம், இருந்த எடத்தில இருந்து ஒரு சத்தம் குடுத்திருந்தா கேட்டிருப்பா. நான் எழும்பினேன். கையில ஸ்பேனர் இருந்துது. அதைத் துணியில தொடச்சு, பெட்டியில அதுக்குள்ள எடத்தில வச்சேன். வச்சிட்டு நிமிரும்போ அவ கூவின சத்தம் கேட்டுது.

ஓடிப் போய்ச் சாவியைத் திருப்பினது நான்தான். எனக்க தோளில கெடந்த துவர்த்தை எடுத்து அவ முழங்கைக்குக் கீழ இறுக்கிக் கட்டினதும் நான்தான். ஆட்டோவில கூடவே போனேன். வழி முழுக்க அவ அழல்ல. "அண்ணே, கை எங்க கெடக்கு, கையை எடுத்தியளா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. எடுக்கதுக்கு ஒண்ணும் இல்ல சார். ரசலையன் இல்லன்னா பிள்ளை செத்திருக்கும்னு டாக்டர் சொன்னாராம். போதகர் ஞாயித்துக்கிழமை ஆராதனையில எனக்க பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினாரு. சபை முழுக்க என்னைத் திரும்பிப் பாத்துது. எனக்க வீட்டுக்காரியும் பாத்தா. நானும் தலையைக் குனிஞ்சு ஸ்தோத்திரம்னு சொன்னேன்.

அப்படியே விட்டிருப்பேன். உள்ளதைச் சொல்லணும், அப்படியே விட்டிருப்பேன். நேத்து ஏசுஅடிமை சார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து கமிட்டியைக் கூட்டினாரு. ஒரு தீர்மானம் எழுதி, உங்களுக்கும் ஒரு நகல் அனுப்புததாக் கேள்வி. அதில என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும், நோட்டீஸ் போர்டில ஒட்டியிருக்கு. 'பழுதுபார்த்தவரின் கவனக்குறைவால் கனெக்டரில் கிளாவு பிடித்து சுவிட்ச் இயங்காமல் போனதே காரணம்.' கவனக்குறைவாம். எனக்க கை பட்ட வேலையில கிளாவாம். கிளாவு பிடிச்சா மிஷின் நிக்கத்தானே செய்யும், ஓடுமா சார்? நான் அதை மூணு தடவை வாசிச்சேன். அதைக் கிழிச்சு எறிய ஒரு ஆத்திரம் வந்துது. ஸ்மைலின் கட்டுப் போட்டுக் கெடக்குததைப் பாத்தப்போகூட எனக்கு அப்படி வரல்ல.

அதான் விடிஞ்சதும் நேரா இங்க வந்தேன். மிஷின் உங்க கஸ்டடியிலதானே இருக்கு. சீட்டைத் தூக்கிப் பாருங்க. வெளிய தெரியுத கனெக்டர் வெறும் பொம்மை. பக்கத்தில கறுப்பு உறை போட்ட வயரு ஒண்ணு போகும், அதை வெட்டிப் பாருங்க. உள்ள பத்த வச்சிருக்குதது எனக்க கை. ஒரு கவனக்குறைவும் கெடையாது. வேணும்னு, தெரிஞ்சு, நிதானமாச் செஞ்சது. எந்த செக்ஷன் வேணும்னாலும் போடுங்க. அஜாக்கிரதைன்னு வாற செக்ஷனை மட்டும் போடாதிய.

அந்த மூணாம் நாள் விஷயத்தைக் கேக்குதிய. சொல்லுதேன். அன்னைக்கு நான் சொல்லத்தான் போனேன். மதில்கிட்டப் போய் நின்னேன். வார்த்தை வாய் வரைக்கும் வந்துட்டுது. மிஷினை நிறுத்து மோளே, இதில ஒரு காரியம் இருக்குன்னு சொல்லணும். அவ என்னைப் பாத்ததும் மிஷினை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பிட்டு, சீட்டில இருந்தபடியே கையை ஆட்டிச் சிரிச்சா.

"அண்ணே, இப்பத்தான் இது ஒரு மிஷின் மாதிரி இருக்கு. ஒரு தடவைகூட நிக்கல்ல பாத்துக்கிடுங்க. சார் வரட்டும், ரசலையன் அண்ணன் கை வச்சா வேறதான்னு நானே சொல்லுதேன். சபைக் கூட்டத்தில வேணும்னாலும் எழும்பிச் சொல்லுதேன்."

நாலு வருஷத்தில அந்த மிஷினைப் பத்தி ஒரு மனுஷர் எங்கிட்டச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒண்ணுதான் சார். அதுக்கு மேல நான் எப்படி வாயத் தொறந்து சுவிட்சை வெட்டி வச்சிருக்கேன்னு சொல்லுவேன்? சொன்னா அவ சார்கிட்டச் சொல்லுவா. சார் சபையில சொல்லுவாரு. பிறகு அவரு சொன்னதெல்லாம் சரின்னுல்லா ஆகும்?

ஆனா ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்னு நெனைக்காதிய. சொன்னேன். "இனி சீட்டவிட்டு எறங்கினாலும் நிக்காது பிள்ளே"ன்னு சொன்னேன். பொய் சொல்லல்ல. அவதான் அதைப் பெருமைன்னு எடுத்துக்கிட்டா. "அப்படிப் போடுங்க அண்ணே"ன்னு சிரிச்சா. மறுநாள் எறங்கினா. நிக்கல்ல.